ஒரே பேய், பல வேஷம்!

எதிரியின் பெயர் தெரிகிறது. உருவம் தெரிகிறது. எங்கே அடித்தால் விழுவான் என்பதுகூடத் தெரிகிறது. இன்றைக்கு அவன் மடியில் என்ன மறைத்து வைத்திருக்கிறான் என்பது மட்டும் தெரியவில்லை. இப்படிப்பட்ட எதிரியை எப்படிச் சமாளிப்பது?

யுத்த மந்திரிகள் கூடிப் பேசும் விஷயம்போலத் தோன்றும். அல்ல. இது வீடியோ விளையாட்டுக்காரர்களின் கவலை. 2023-ம் ஆண்டு பிப்ரவரி முதல், உலகெங்கும் போக்கிமான் பந்தயங்களில் ஆடுகிறவர்களின் தூக்கத்தைக் கெடுத்த கவலை. கெடுத்தது ஒரு பேய். அதன் பெயர் பிளட்டர் மேன்.

அந்தப் பேயை மடக்க உலகத்தார் இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். ஒரு சாரார் ஊரை விட்டே விரட்டினார்கள். இன்னொரு சாரார் அதன் மடியைச் சோதித்து, உள்ளே இருப்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டு, பிறகு ஆட விட்டார்கள். இரண்டில் எது கெட்டிக்காரத்தனம்? விளையாட்டு உலகில் பெரிய விவாதமே நடந்தது.

பேயின் ஜாதகம்

போக்கிமான் 1996-ல் ஜப்பானில் பிறந்த விளையாட்டு. விசித்திரப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கி மோத விடுவதுதான் ஆட்டம். சேவற்கட்டு மாதிரி என்று சொன்னால் பாதி சரி. மீதிப் பாதி சதுரங்கம். ஒவ்வொரு சுற்றிலும் இரு தரப்பாரும் தங்கள் உத்தரவை ரகசியமாகக் கொடுக்கிறார்கள். பிறகு எல்லா உத்தரவுகளும் வரிசையாக நிறைவேறுகின்றன. சாதாரணமாக, வேகம் அதிகமுள்ள பிராணி முதலில் அடிக்கும்.

பிராணிகள் 18 வகை. நெருப்பை நீர் அடக்கும். நீரைச் செடி அடக்கும். ஒரு பிராணிக்கு இரண்டு வகைகளும் இருக்கலாம். வகை தெரிந்து அடித்தால் அடி இரட்டிப்பாக விழும். தெரியாமல் அடித்தால் பாதிதான் விழும். சில சமயம் விழவே விழாது.

2022-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி ஸ்கார்லெட், வயலட் என்ற ஜோடி ஆட்டங்கள் வெளிவந்தன. அவற்றில் ஸ்கார்லெட்டில்தான் பிளட்டர் மேன் அகப்பட்டது. 1999-ல் வந்த மிஸ்ட்ரீவஸ் என்ற பழைய பேய்க்கு இது ஆதிகாலத்து உறவு என்பது கதை. ஜப்பானில் இதன் பெயர் ஹபடகுகாமி. படபடக்கும் கூந்தல் என்று சொல்லலாம். பெயருக்கேற்ப, கூந்தலையே சிறகுபோல் அடித்துக்கொண்டு மிதக்கும்.

இது பாதி பேய் வகை, பாதி தேவதை வகை. ஆகவே சாதாரண வகை அடி, மல்யுத்த அடி, நாக அடி மூன்றும் இதன்மேல் பட்டதாகவே கணக்கில்லை. உறைப்பவை இரண்டே: இரும்பும், இன்னொரு பேயும்.

அடுத்து அதன் பலத்தின் கணக்கு. உயிர் 55. உடல் தாக்கு 55. உடல் காப்பு 55. மாயத் தாக்கு 135. மாயக் காப்பு 135. வேகம் 135. ஆறு எண்களையும் பார்த்தால் ஒரு கருமியின் வரவு செலவு நினைவுக்கு வரும். உபயோகமில்லாத இடத்தில் ஒரு காசும் செலவில்லை. வேண்டிய இடத்தில் கொட்டிக் கிடக்கிறது. உடம்பில் தட்டினால் விழுந்துவிடும். ஆனால் தட்டக் கை ஓங்குவதற்குள் அது தட்டிவிடும்.

மடியில் என்ன?

வெறும் பலசாலியாக இருந்தால் இவ்வளவு பேச்சுக்கு இடமில்லை. பலசாலிகளை எப்படி வீழ்த்துவது என்பது ஆட்டக்காரர்களுக்குப் பழகிப்போன வித்தை. பிளட்டர் மேனின் விசேஷம் வேறு. அது பல வேஷம் போடும்.

ஒவ்வொரு பிராணியும் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். பிளட்டர் மேன் 'பூஸ்டர் எனர்ஜி' என்ற பொருளோடு வந்தால், களத்தில் இறங்கியவுடன் அதன் மிகப் பெரிய பலம் இன்னும் ஏறும். வேகமானால் ஒன்றரை மடங்கு. வேறு பலமானால் நூற்றுக்கு 30 கூடும். மூன்று பலங்களும் 135-ல் சமமாக நிற்பதால், எது பெரிது என்பதைப் பழக்குகிறவரே தம் இஷ்டம்போல் முடிவு செய்துகொள்ளலாம்.

'சாய்ஸ் ஸ்பெக்ஸ்' என்ற மூக்குக் கண்ணாடியோடு வந்தால் மாயத் தாக்கு ஒன்றரை மடங்கு. ஆனால் முதலில் எந்த அடியை எடுத்ததோ, களத்தை விட்டுப் போகும்வரை அதையேதான் அடிக்க வேண்டும். 'போகஸ் சாஷ்' என்ற கச்சையைக் கட்டிக்கொண்டு வந்தால், முழு உயிரோடு இருக்கும்போது எவ்வளவு பெரிய அடி விழுந்தாலும் ஒரு புள்ளி உயிர் மிஞ்சும். செத்தது என்று நினைத்த பேய் எழுந்து திருப்பி அடிக்கும்.

அடிகளிலும் இதே கதை. 'மூன்பிளாஸ்ட்' ஒருவரைக் கொல்லும். 'டாஸ்லிங் கிளீம்' எதிரே நிற்கும் இருவரையும் சுடும். 'ஐஸி விண்ட்' இருவரின் வேகத்தையும் குறைக்கும். 'தண்டர் வேவ்' முடக்கும். 'பெரிஷ் சாங்' என்ற சாவுப் பாட்டைப் பாடினால், களத்தை விட்டு விலகாத அத்தனை பேரும் மூன்று சுற்றில் விழுவார்கள். பாடிய பேய் உள்பட!

போதாக்குறைக்கு ஸ்கார்லெட், வயலட்டில் 'டெராஸ்டல்' என்ற புது வித்தை வந்தது. போர் ஒன்றுக்கு ஒரு முறை, ஒரு பிராணி தன் வகையையே மாற்றிக்கொள்ளலாம். இரும்பு அடி வருகிறது என்று தெரிந்தால் பேய் நெருப்பாகிவிடும். காளான் பிராணியான அமூங்கஸ் தூக்கப் பொடி தூவ வந்தால் செடியாகிவிடும். செடியின்மேல் பொடி பலிக்காது.

போலீஸ்காரருக்கு வேலை இல்லை

இருவருக்கு இருவராக நின்று ஆடும் அதிகாரப்பூர்வப் பந்தயத்தில், பல ஆண்டுகளாகக் காவல் வேலை பார்த்து வருவது இன்சினரோர் என்ற நெருப்புப் புலி. வந்து நின்றதும் எதிரிகள் இருவரின் உடல் தாக்கையும் மிரட்டிக் குறைக்கும். பிறகு 'பேக் அவுட்' என்ற அடியால் ஒருவரைத் திகைக்க வைத்து, அந்தச் சுற்றில் கையைக் கட்டிப்போடும். எந்த முரடனையும் இந்த இரண்டால் அடக்கிவிடலாம்.

2024-ல் இன்சினரோர் இந்தக் களத்துக்கு வந்தபோது, பேயை இது பார்த்துக்கொள்ளும் என்று எண்ணியவர்கள் உண்டு. நடந்தது என்ன? பேய் மாயத் தாக்குக்காரன். உடல் தாக்கைக் குறைத்து ஆவதென்ன? 'பேக் அவுட்' சாதாரண வகை அடி. பேயின் உடம்பில் அது பட்டதாகவே கணக்கில்லை. லத்தியை ஓங்கினால் புகைக்குள் போய் வந்தது!

புலி முற்றிலும் பயனற்றது என்று சொல்வதற்கில்லை. பேய் வகை அடி அதன்மேல் பாதிதான் விழும். 'ஸ்னார்ல்' என்ற உறுமலால் மாயத் தாக்கைக் குறைக்கலாம். 'நாக் ஆப்' என்ற அடியால் கண்ணாடியையோ கச்சையையோ தட்டிப் பறிக்கலாம். ஆனால் பூஸ்டர் எனர்ஜியை மட்டும் இந்தப் பேயிடமிருந்து பறிக்க முடியாது. ஆட்டத்தின் சட்டமே அப்படி.

மற்ற எதிரிகளுக்குச் செய்த ஏற்பாடு இதற்குச் செல்லாது என்பது இங்கேதான் பலருக்கும் உறைத்தது.

நாடு கடத்திய குடியரசு

'ஸ்மோகன்' என்று ஒரு சமூகம் உண்டு. 2004-ல் தொடங்கியது. போக்கிமான் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆட்டக்காரர்கள் தாங்களாகவே கூடிச் சட்டம் வகுத்துக்கொண்ட குடியரசு என்று சொல்லலாம். இங்கே முக்கியமான ஆட்டம் ஒருவருக்கு ஒருவர் நிற்கும் ஆட்டம். தரப்புக்கு ஆறு பிராணிகள். ஏதாவது ஒரு பிராணி அளவு மீறினால் அதைத் தடை செய்வார்கள். சில சமயம் மன்றமே தீர்மானிக்கும். சில சமயம், ஆடித் தகுதி பெற்றவர்கள் வாக்களிப்பார்கள்.

வேஷம் மாற்றும் பிராணிகளோடு இவர்களுக்குப் பழைய பகை. 2014-ல் ஏஜிஸ்லாஷ் என்ற வாள் பிராணியை இப்படித்தான் வெளியேற்றினார்கள். அடிக்கும்போது வாள், தடுக்கும்போது கேடயம் என்று நொடிக்கு நொடி மாறும் பிராணி அது. இப்போது என்ன செய்யப் போகிறது என்று ஊகிப்பதே ஆட்டமாகிவிட்டது. திறமை போய்க் குருட்டு அதிர்ஷ்டம் வந்துவிட்டது என்பது தடை கோரியவர்களின் கட்சி.

பிளட்டர் மேன் விஷயத்தில் அவ்வளவு விவாதத்துக்கும் இடம் வைக்கவில்லை. ஆட்டம் வெளிவந்த சில வாரங்களுக்குள்ளேயே மன்றம் அதை நாடு கடத்திவிட்டது. ஒருவருக்கு ஒருவர் நிற்கும் களத்தில் பக்கத்தில் துணை கிடையாது; தவறான ஊகத்துக்கு ஒரு பிராணியைப் பலி கொடுக்க வேண்டும். ஆகவே அந்தத் தீர்ப்பைக் குறை சொல்வது கஷ்டம்.

ஆனால் ஒரு வேடிக்கை. எல்லாப் பிராணிகளையுமே பல வேஷக்காரர்களாக்கிய டெராஸ்டல் வித்தையைத் தடை செய்யலாமா என்று அதே குடியரசில் வாக்கெடுப்பு வந்தபோது, தடைக்கு வேண்டிய பெரும்பான்மை கிடைக்கவில்லை. வித்தை தப்பிப் பிழைத்தது. ஒரு பேயை விரட்டியாயிற்று. பேய்க் குணம் ஊரெங்கும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்!

மடியைத் திறந்து காட்டு!

கம்பெனி நடத்தும் அதிகாரப்பூர்வப் பந்தயத்தில் நிலைமை வேறு. ஒருவர் ஆறு பிராணிகளைக் கொண்டுவருவார். எதிரியின் ஆறையும் பார்த்தபின் நான்கைத் தேர்ந்தெடுப்பார். இருவர் இருவராகக் களத்தில் நிற்பார்கள். உலகப் பட்டம் இந்த முறையில்தான். வெற்றிக்குப் பரிசுப் பணமும் உண்டு. 2023-ல் யோகஹாமாவிலும், 2024-ல் ஹொனலுலுவிலும், 2025-ல் அனஹைமிலும் உலகப் போட்டி நடந்தது.

பழைய நாளில் இந்தப் பந்தயத்தில் ஓர் அநியாயம் இருந்தது. எதிரியின் பிராணிகள் எவை என்று தெரியும். கையில் என்ன பொருள், என்னென்ன அடி என்பது தெரியாது. ஆனால் பெரிய நண்பர் கூட்டத்தோடு வருகிறவருக்குத் தெரிந்துவிடும்! முந்தின சுற்றில் அந்த எதிரியிடம் தோற்ற நண்பன், 'கச்சை கட்டியிருக்கிறது, ஜாக்கிரதை' என்று காதில் ஓதிவிடுவான். தனியாக விமானம் ஏறி வந்தவனுக்கு ஓத யார் இருக்கிறார்கள்? பல வேஷப் பிராணி எவ்வளவுக்கெவ்வளவு பலசாலியோ, அவ்வளவுக்கவ்வளவு இந்த ஒற்று வேலையின் விலையும் ஏறியது. தனி ஆள் ஆட்டத்தில் தோற்கவில்லை. சிநேகிதர் இல்லாமையால் தோற்றான்.

ஸ்கார்லெட், வயலட் காலத்துப் பெரிய பந்தயங்களில் இதற்கு முடிவு கட்டப்பட்டது. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும். பிராணி, அதன் குணம், கைப்பொருள், நான்கு அடிகள், எந்த வகையாக மாறும் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். பேய் வரலாம், ஆனால் மடியை விரித்துக் காட்டிவிட்டு வர வேண்டும்.

சுவாரசியமே போய்விட்டது என்று சிலர் முணுமுணுத்தார்கள். பட்டியல் இல்லாத வீட்டு ஆட்டத்தில், எதிரி எதிர்பாராத ஒரு பொருளை எடுத்து வீசுவதில் தனி ருசி உண்டு என்பது மெய்தான். ஆனால் அந்த ருசிக்கு விலை கொடுத்தது யார்? பெரும்பாலும், கூட்டம் சேர்க்க வழியில்லாத புது ஆள். இதை நினைத்தால் பட்டியல் முறையே நியாயம்.

ஒவ்வொரு வேஷத்திலும் ஒரு கிழிசல்

மடி திறந்துவிட்டது. பிறகு எப்படி அடிப்பது? இங்கே அனுபவமில்லாதவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பேய்க்கு மருந்து என்று மூன்று பிராணிகளைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். இருப்பது ஆறு இடம். களத்துக்குப் போவது நான்கு. எதிரி பேயை வெளியிலேயே உட்கார வைத்துவிட்டு மற்ற நால்வரோடு வந்தால், மருந்தெல்லாம் வீண்!

விஷயம் தெரிந்தவர்கள் முழு மருந்து தேடுவதில்லை. மற்ற எதிரிகளுக்கும் உதவுகிற அரை மருந்துகள் இரண்டு மூன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு, இன்றைய வேஷத்தில் கிழிசல் எங்கே என்று பார்க்கிறார்கள்.

வேக வேஷத்தை எடுத்துக்கொள்வோம். பந்தயத்தில் எல்லாப் பிராணிகளும் 50-வது படியில் ஆடும். அந்தப் படியில் பிளட்டர் மேனின் உச்ச வேகம் 205. பூஸ்டர் எனர்ஜியால் 307 ஆகும். மின்னல் வேகத்துக்குப் பேர்போன ரெஜியெலெகியின் உச்சமே 277-தான். துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். ஆனால் 'டெயில்விண்ட்' என்ற காற்றைக் கிளப்பினால், கிளப்பிய தரப்பின் வேகம் நான்கு சுற்றுக்கு இரட்டிப்பாகும். அடிப்படை வேகம் 100 உள்ள ஒரு நடுத்தரப் பிராணியின் உச்சம் 167, இரட்டித்தால் 334. பேய் பின்தங்கிவிடும். அதைவிட எளிய கிழிசல் ஒன்றும் உண்டு. பூஸ்டர் எனர்ஜி ஒரே தரம்தான் வேலை செய்யும். பேய் ஒரு முறை பின்வாங்கிவிட்டால் ஏறிய வேகம் போச்சு. திரும்பி வரும்போது வெறுங்கையோடுதான் வரும். ஆகவே அதைக் கொல்வதைவிட, பின்வாங்க வைப்பதே பல சமயம் போதும்.

கண்ணாடி வேஷமா? அது எந்த அடியை எடுத்தது என்று தெரிந்ததுமே பாதி வேலை முடிந்தது. பேய் வகை அடியான 'ஷாடோ பால்' என்றால், சாதாரண வகைப் பிராணியை எதிரே நிறுத்தலாம். பேய் அடி அதன்மேல் படாது. பாரிகிராப் என்ற இரட்டைத் தலை ஒட்டகச்சிவிங்கி இந்த வேலைக்குக் கைகண்ட ஆள். மேலும் அதனிடம் 'டிரிக் ரூம்' என்ற வித்தை இருக்கிறது. ஐந்து சுற்றுக்கு உலகமே தலைகீழாகும். மெதுவானவர் முதலில், வேகமானவர் கடைசியில். 205 என்ற பெருமையே அப்போது சாபமாகிவிடும். ஆனால் கண்ணாடி இல்லாத பேய் 'டாண்ட்' என்று ஒரு கேலி செய்து அந்த வித்தையைத் தடுக்கவும் கூடும். பட்டியலில் அந்தச் சொல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அதனால்தான்.

கச்சை வேஷத்தில் அடியின் பலம் கூடுவதில்லை. முழு உயிரோடு இருக்கும்வரைதான் கச்சைக்கு மதிப்பு. டைரானிடார் கிளப்பும் மணற்புயல் லேசாகக் கீறினாலே போதும். கச்சை வெறும் துணி. மூன்று முறை தொடர்ந்து அடிக்கும் ஊர்ஷிபுவின் 'சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ்' முன்னும் அது நிற்காது.

இரும்புக்காரர்களும் உண்டு. ஸைசரின் 'புல்லட் பஞ்ச்' வேகக் கணக்கை மீறி முந்தி விழும். பேயின் உடல் காப்போ வெறும் 55. கிங்காம்பிட்டின் 'சக்கர் பஞ்ச்' என்ற திருட்டுக் குத்தும் முந்தி விழும். ஆனால் எதிரி அடிக்க வரும்போதுதான் அது பலிக்கும். பேய் அடிக்காமல் தற்காப்பில் நின்றாலோ, முடக்கும் வித்தையை ஏவினாலோ குத்து காற்றில் போகும். எத்தனை பந்தயங்கள் இந்த ஓர் ஊகத்தில் புரண்டிருக்கின்றன!

டெராஸ்டலிலும் கிழிசல் இல்லாமலில்லை. பேய் முழுத் தேவதையாக மாறினால் மூன்பிளாஸ்ட் இன்னும் கடுமையாகும். பேய் அடியின் பயமும் தீரும். ஆனால் பேய்த்தன்மை போனவுடன் புகை உடம்பும் போய்விடுகிறது. இதுவரை படாத 'பேக் அவுட்' இப்போது படும். விஷ அடியும் இரட்டிப்பாக உறைக்கும். சும்மா நின்ற நெருப்புப் புலிக்கு அப்போதுதான் வேலை வருகிறது.

ஓர் அணிலின் கதை

இந்த முறை புதிதல்ல. 2014-ல் வாஷிங்டனில் உலகப் போட்டி. அந்த ஆண்டுக் களத்தை ஆட்டிப் படைத்தது மெகா கங்காஸ்கான் என்ற கங்காரு. தாயும் குட்டியும் சேர்ந்து இரண்டு அடி அடிக்கும். எல்லாரும் பெரிய பெரிய பிராணிகளோடு வந்தார்கள். தென் கொரியாவின் சேஜுன் பார்க் தம் ஆறில் ஒன்றாகப் பச்சிரிசு என்ற சின்ன மின்சார அணிலைக் கொண்டுவந்தார். அதன் ஆறு பலங்களையும் கூட்டினால் 405. பிளட்டர் மேனுக்கு 570.

அணில் யாரையும் பெரிதாக அடிக்கவில்லை. 'என்னைப் பார்' என்று எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுத்தது. 'சூப்பர் பாங்' என்ற கடியால் எவ்வளவு பெரியவனின் உயிரையும் பாதியாக்கியது. அதற்குள் பக்கத்தில் நின்ற கியாரடோஸும் மற்றவர்களும் வேலையை முடித்தார்கள். உலகப் பட்டம் சேஜுன் பார்க்குக்குப் போயிற்று.

அந்த அணிலையே பேய்க்கு எதிரே நிறுத்தினால் என்ன? ஒருவரைக் குறிவைக்கும் மூன்பிளாஸ்டை அது இழுத்துக்கொள்ளும். இருவரையும் சுடும் டாஸ்லிங் கிளீமை இழுக்க முடியாது. பட்டியலில் அந்த அடி இருந்தால் அணில் தந்திரம் பாதிதான்.

பட்டியலில் இல்லாத வரி

2024 செப்டம்பரில் கம்பெனி விதிகளை மாற்றியது. பிளட்டர் மேனும் அதன் இனத்தாரும் ஒட்டுமொத்தமாக ஒதுக்கப்பட்டார்கள். சில மாதங்கள் களம் ஓய்ந்தது. 2025 ஜனவரியில் பழைய விதி திரும்பியது, பேயும் திரும்பியது. ஓய்ந்திருந்த ஊகமும் திரும்பியது.

ஏனென்றால், திறந்த பட்டியலும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. எந்தப் பலத்தில் எவ்வளவு பழக்கியிருக்கிறார் என்ற கணக்கு எதிரிக்குக் கொடுக்கும் தாளில் இல்லை. அதையும் காட்டிவிடச் சொல்லலாமே என்றால், அது அதிகம். அதையும் காட்டினால் ஊகத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. கூட்டல் கழித்தல் தெரிந்தவர் எல்லாரும் வீரர் ஆகிவிடுவார்கள்.

ஆகவே 'பூஸ்டர் எனர்ஜி' என்று தாளில் எழுதியிருந்தாலும், ஏறப் போவது வேகமா, மாயத் தாக்கா, காப்பா என்பது தெரியாது. பேய் கூந்தலை அடித்துக்கொண்டு களத்தில் இறங்கும். எந்தப் பலம் ஏறியது என்று திரையில் ஒரு வரி ஓடும். அந்த வரி வரும்வரை, அதை எழுதியவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். எதிரே இருப்பவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருப்பார்.